நூல் பல்லில் இருக்கும்போது

கல்லுக்கட்டியில், வளையல் கடைக்கு மேல் மாடியில்
பதினோரு வருஷமாகப் புருவம் எடுக்கிறேன்.
நூலின் ஒரு முனை எப்போதும் பல்லில்.
அதனால் பேசுவது நாற்காலி, கேட்பது நான்.

சிகப்பி ஆச்சி சித்திரையில் வந்தபோது
வலது மேலிமையில் பாதி உளுந்தளவு ஒன்று.
“கண்கட்டி, மதலை. பார்த்து இழு.”
பார்த்து இழுத்தேன்.

ஆடியில் அது இல்லை.
தேவகோட்டையில் கீறி எடுத்தாயிற்று,
பத்து நிமிஷ வேலை.
ஐப்பசியில் அதே இடத்தில் மறுபடி.
உரைத்துப் பூசிய நாமக்கட்டி
அதன்மேல் வெள்ளையாய்க் காய்ந்து கிடந்தது.
“சூட்டு உடம்புடி எனக்கு.”
மறுபடி கீறினார்கள்.
கீறியதை இரண்டு தரமும் குப்பையில் போட்டார்கள்
என்பது பிற்பாடு தெரிந்தது.

புருவம் எடுக்கையில்
இமையை அவரவர் விரலால் இழுத்துப் பிடிக்கணும்.
நான் பார்க்க வேண்டிய இடம்
ஆச்சியின் விரலுக்கு அடியிலேயே இருந்தது.

தையில், தங்கை மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால்
நாற்காலியைச் சாய்த்து விளக்கை இழுத்தேன்.
“கொஞ்சம் கையை எடுங்க ஆச்சி.”
இமையோரம் தடித்து மஞ்சளாய்,
ஆறிய நெய் உறைந்தது போல.
வலிக்கிறதா?
வலியே இல்லை என்றார், பெருமையாக.
அப்புறம்தான் கண்ணில் பட்டது,
கட்டியின் விளிம்பில் ஏழெட்டு இமைமயிர் இல்லை.

எனக்கு வைத்தியம் தெரியாது. மயிர் தெரியும்.
பிடுங்கினால் புள்ளி தங்கும், பிறகு முளைக்கும்.
ஒடிந்தால் முனை குத்தும்.
ஒட்டு இமையைப் பிய்த்தெறிந்த கல்யாணப் பெண்களின்
கலைந்த வரிசைகளும் தெரியும்.
இது எதிலும் சேராத வழவழப்பு.
உள்ளிருந்து ஏதோ வேரைத் தின்றிருக்கிறது.

ஐப்பசியிலேயே மூன்று குறைந்திருந்தது.
விரல் நழுவிய ஒரு நொடியில் பார்த்தேன்.
நூல் பல்லில் இருந்தது.
அது ஒரு காரணமா என்று கேட்காதீர்கள்.

நூலைத் துப்பினேன்.
“மதுரைக்குப் போங்க. கல்யாணம் கழித்து இல்லை, நாளைக்கே.”
“புருவக்காரி சொன்னாள்னு போனேன்னா சிரிப்பாங்கடி.”
“சிரிக்கட்டும்.”

மதுரையில் நடந்தது ஆச்சி சொல்லித்தான் தெரியும்.
சட்டைக் காலரைப் போல இமையைத் திருப்பிப் பார்த்தார்களாம்.
காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில்
விரலால் நெறிகட்டி தேடினார்களாம்.
கட்டியில் ஒரு துண்டு எடுத்தார்கள்.
பிறகு கண்ணின் வெண்படலத்தில் சுற்றிவரக் கடுகளவாய்ப் பல துண்டு,
எது எங்கே எடுத்தது என்று தாளில் கண் வரைந்து எண் போட்டு,
ஒவ்வொன்றும் தனிப் புட்டியில்.
இமைக்குள் எண்ணெய்ப் பைகள் உண்டாம்,
கண் காயாமல் இருக்க.
அங்கே பிறந்திருந்தது புற்று,
கண்கட்டி வேஷம் கட்டி.

கல்யாணத்துக்குக் கறுப்புக் கண்ணாடியோடு வந்தாராம்.
கேட்டவர்களுக்கு வெயில் என்று பதில்,
முகூர்த்தம் விடியற்காலை ஐந்தரை.

மாசியில் மேலிமை பாதிக்கு மேல் போயிற்று.
கீழிமையிலிருந்து இழுத்து ஒட்டிக்
கண்ணையே மூடித் தைத்தார்கள்.
ஆறு வாரம் அந்தக் கண்ணுக்கு ராத்திரி.
பிறகு வெட்டித் திறந்தார்கள்.

வைகாசியில் படியேறி வந்தார்.
புது இமை மொட்டையாய்,
கொஞ்சம் தாமதமாய் மூடுகிறது.
“ஆல்டர் பண்ணின ஜாக்கெட் மாதிரி இருக்கு,” என்றார்.
“வலதும் எடு. அதுக்கென்ன குறைச்சல்.”
ஆறு மாசத்துக்கு ஒரு தரம் நெறி பார்க்கணுமாம்.
வேறொன்றும் சொல்லவில்லை.
ஐம்பது கொடுத்தார்,
பத்தை மறக்காமல் கேட்டு வாங்கினார்.

இப்போதெல்லாம் நூலைக் கடிக்குமுன்
இரண்டு கண்ணின் வரிசையையும் பார்த்துவிடுகிறேன்.
நாற்பது ரூபாயில் அதுவும் சேர்த்தி.

நேற்று ஒரு காலேஜ் பெண்:
“என்னக்கா அப்படிப் பார்க்கிறீங்க?”

“கண்ணை மூடு. கையை எடு.”